இலக்கணம் சரி, ஆனாலும் 'பார்டன்?' என்கிறார்களா: ஆங்கிலப் பேச்சின் அழுத்தத்தை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

இலக்கணத்தில் குறையில்லை, சொல்வளம் இருக்கிறது, எழுதிக் கொடுத்தால் யாரும் விரல் வைக்க முடியாது. வாயைத் திறந்தால் மட்டும் எதிரில் இருப்பவர் புருவத்தைச் சுருக்குகிறார். இந்த நிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது எழுத்தொலிகளில். 'ஃப' வரவில்லை, வி-யும் டபிள்யூ-வும் ஒன்றாகக் கேட்கிறது, நாக்கை எங்கே வைப்பது என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதுவும் தேவைதான். ஆனால் கோளாறு பல நேரம் அங்கே இருக்காது. எந்த அசையைத் தூக்குகிறோம், எதைத் தளர்த்துகிறோம், குரல் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்ற மூன்றில் ஏதோ ஒன்றில் இருக்கும். தூக்குவது எல்லோருக்கும் சீக்கிரம் வந்துவிடும், தளர்த்துவதுதான் லேசில் வராது. அதனால் கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் 'எதை அழுத்தவில்லை' என்று தேடுவதோடு 'எதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்' என்றும் தேடுங்கள்.

முதலில் ஒரு பதிவு எடுங்கள். போனில் இருக்கும் வாய்ஸ் ரெக்கார்டர் போதும், ஒரு நிமிடம் பேசினால் போதும். எதையும் வாசிக்காதீர்கள், வாசிக்கும்போது வரும் குரல் வேறு, பேசும்போது வரும் குரல் வேறு. நேற்று செய்த வேலையைப் பற்றியோ அடுத்த வாரத் திட்டத்தைப் பற்றியோ யோசித்து யோசித்துப் பேசுங்கள். அப்புறம் ஒரு மணி நேரம் கழித்துக் கேளுங்கள். உடனே கேட்டால், சொல்ல நினைத்ததுதான் காதில் விழும், சொன்னது விழாது.

இனி அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் ' என்று ஒரு குறி போடுகிறேன். உச்சரிப்பு அகராதிகளிலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும், கண்ணுக்குப் பழகிக்கொண்டால் பின்னால் உதவும்.

அறிகுறி: ஒரே ஒரு சொல், திரும்பத் திரும்பச் சொல்லியும் பிடிபடவில்லை

இதுதான் அதிகம் வருவது. சொல்லில் எல்லா எழுத்தும் சரியாக இருக்கும், அழுத்தம் மட்டும் இடம் மாறியிருக்கும். ஆங்கிலம் கேட்டு வளர்ந்த காது சொல்லை எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை. பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது பலத்த அசை ஒன்று வந்தால், இங்கே ஒரு சொல் தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டு தேட ஆரம்பிக்கிறது. மொழி உளவியல் ஆய்வாளர்கள் ஆன் கட்லரும் டென்னிஸ் நாரிஸும் 1988-ல் வெளியிட்ட சோதனைகள் இதைத்தான் காட்டின. ஆகவே டி'வெலப் என்பதை 'டெவலப் என்று முதல் அசையில் அடித்தால், கேட்பவர் டெவில் இருக்கும் பக்கம் தேடப் போய்விடுகிறார். அவர் திரும்பி வருவதற்குள் நீங்கள் அடுத்த வாக்கியத்தில் இருப்பீர்கள்.

இதே வகையில் அடிக்கடி சறுக்கும் சில சொற்கள்: க'மிட்டி, இ'வென்ட், ஹோ'டெல், மி'ஸ்டேக், சக்'செஸ். எல்லாவற்றிலும் அழுத்தம் இரண்டாவது அசையில். நாம் பேசும்போது முதல் அசைக்குப் போய்விடுகிறது, அல்லது எல்லா அசையும் ஒரே கனத்தில் வந்துவிடுகிறது.

அழுத்தம் என்றதும் பலர் அந்த அசையைச் சத்தமாகக் கத்துகிறார்கள். சத்தம் அதில் ஒரு பங்கு மட்டுமே. அழுத்தம் பெற்ற அசையில் குரலின் உயரம் மாறும், அது கொஞ்சம் நீளும், அதன் உயிரொலி தெளிவாக இருக்கும். பக்கத்தில் இருக்கும் அசைகள் அதற்கு நேரெதிராகச் சுருங்கி, உயிரொலி மங்கி, அகரமும் இல்லாத எகரமும் இல்லாத ஒரு சோம்பல் ஒலியாகிவிடும். ஷ்வா என்பார்கள் அதை. ஆங்கிலப் பேச்சில் அதிகம் வரும் உயிரொலியே இதுதான், ஆனால் எழுத்தில் இதற்கென்று தனி அடையாளம் கிடையாது. ஏ, ஈ, ஐ, ஓ, யூ எதன் பின்னாலும் ஒளிந்திருக்கும்.

ஃபோட்டோகிராஃப் குடும்பத்தை எடுத்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'ஃபோட்டக்ராஃப், படம். ஃப'டாக்ரஃபர், படம் எடுப்பவர். ஃபோட்ட'க்ராஃபிக், படம் சார்ந்த. முதல் சொல்லில் கம்பீரமாக இருந்த 'ஃபோ' இரண்டாவது சொல்லில் வெறும் 'ஃப' ஆகி, உதடு குவிவதற்குள் முடிந்துவிடுகிறது. முதல் சொல்லில் மங்கிக் கிடந்த அசை இரண்டாவதில் 'டா' என்று எழுந்து நிற்கிறது. எழுத்தில் ஒன்றுமே மாறவில்லை. இரண்டாவது சொல்லை 'ஃபோ' என்று முழுதாக ஆரம்பித்துவிட்டு, அப்புறம் 'டா'வை எவ்வளவு அடித்தாலும் சரியாக வராது. முதலில் 'ஃப'வை விட்டுக்கொடுக்க வேண்டும்.

ஒவ்வொரு சொல்லாக மனப்பாடம் செய்ய வேண்டுமா என்றால், பாதிக்கு வேண்டாம், விகுதி காட்டிக்கொடுத்துவிடும். ஷன், இக், இட்டி, லஜி, க்ரஃபி என்று முடியும் சொற்களில் அழுத்தம் விகுதிக்கு நேர் முன் அசையில் விழும்: இன்ஃபர்'மேஷன், எக'னாமிக், அ'பிலிட்டி, பை'யாலஜி. நியர், ஈஸ் என்று முடிந்தால் பெரும்பாலும் விகுதியிலேயே விழும்: எஞ்சி'னியர், ஜாப்ப'னீஸ். விலக்கு இல்லாமல் இல்லை; 'பாலிட்டிக்ஸ், 'டெலிவிஷன் இரண்டும் இந்த விதிக்கு அடங்காதவை.

இரண்டு அசைச் சொற்களில் பெயராக வந்தால் முன்னால், வினையாக வந்தால் பின்னால் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. 'ரெக்கார்ட் பதிவு, ரி'கார்ட் பதிவுசெய். 'ஆப்ஜெக்ட் பொருள், அப்'ஜெக்ட் ஆட்சேபி. 'ப்ரெசன்ட் பரிசு, ப்ரி'சென்ட் எடுத்து வழங்கு. இதை எல்லாச் சொல்லுக்கும் விதியாக்கிவிடாதீர்கள்: 'விசிட், 'ஆன்சர் இரண்டும் எப்படி வந்தாலும் முன்னால்தான், ரி'ப்ளை எப்படி வந்தாலும் பின்னால்தான்.

அகராதியே இரண்டு விதமாகக் காட்டினால் குழம்ப வேண்டாம். விளம்பரத்தைக் குறிக்கும் சொல் பிரிட்டனில் அட்'வர்டிஸ்மென்ட், அமெரிக்காவில் பெரும்பாலும் அட்வர்'டைஸ்மென்ட். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பேச்சின் நடுவில் ஒரு சொல் மாட்டிக்கொண்டால் அதே சொல்லை அதே அழுத்தத்தோடு இன்னும் உரக்கச் சொல்வது வீண். அழுத்தத்தை வேறு அசைக்கு மாற்றி ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அதுவும் பலிக்கவில்லை என்றால் வேறு சொல்லைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள், வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்க்கலாம்.

அறிகுறி: 'கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள்' என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் நீங்கள் வேகமாகப் பேசவே இல்லை

அவர்கள் வேகம் என்று சொல்வது உண்மையில் நெரிசல். எல்லா அசையும் ஒரே நீளத்தில் ஒரே கனத்தில் அடுக்கி வந்தால் காது பிடித்துக்கொள்ள மேடு எதுவும் கிடைப்பதில்லை. மொழியியலாளர் கென்னத் பைக் 1945-ல் மொழிகளின் தாளத்தை இரண்டாகப் பிரித்தார்: அசைக்கு அசை சம இடைவெளி விடுபவை ஒரு வகை, அழுத்தத்துக்கு அழுத்தம் சம இடைவெளி விடுபவை இன்னொரு வகை, ஆங்கிலம் இரண்டாவது. பின்னால் கருவி வைத்து அளந்தபோது அந்த இடைவெளிகள் அவர் சொன்ன அளவுக்குச் சமமாக இல்லை. இருந்தாலும் பயிற்சிக்கு இதைவிட எளிய பிடி கிடையாது.

விரலால் மேசையில் சீராகத் தட்டிக்கொண்டே சொல்லுங்கள்: 'பாஸ், 'ரோட், 'லெட்டர்ஸ். மூன்று தட்டு. இப்போது த 'பாஸ் ஹஸ் பின் 'ரைட்டிங் சம் 'லெட்டர்ஸ். அசைகள் இரண்டு மடங்குக்கும் மேல் ஆகிவிட்டன, தட்டு அதே மூன்றுதான். நடுவில் வரும் 'ஹஸ் பின்', 'சம்' எல்லாம் தட்டுகளுக்கு இடையே கிடைத்த சந்தில் புகுந்து ஓட வேண்டும். ஓடவில்லை என்றால், அவற்றை இன்னும் முழு உயிரொலியோடு சொல்கிறீர்கள் என்று பொருள்.

சுருங்க வேண்டியவை பெரும்பாலும் சின்னச் சின்ன உதவிச் சொற்கள்தான். டு என்பது ட, ஃபார் என்பது ஃப, அண்ட் என்பது வெறும் அன், ஆஃப் என்பது அவ், ஹேவ் கூடப் பல இடங்களில் அவ். இப்படிச் சொன்னால் சோம்பேறித்தனமாகவோ அரைகுறையாகவோ கேட்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். வானொலியில் செய்தி வாசிப்பவர்களைக் கவனித்துக் கேளுங்கள், அவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். ஒரே கவனம்: வாக்கியத்தின் கடைசியில் தனியாக நின்றால் சுருங்காது. 'ஹூ இஸ் இட் ஃபார்' என்பதில் ஃபார் முழுதாகவே வரும்.

நமக்கு இது அந்நியமான வித்தையும் இல்லை. பாட்டு, காசு, வயிறு என்று சொல்லும்போது கடைசி உகரத்தைப் பாதியில் விட்டுவிடுகிறோமே, குற்றியலுகரம் என்று அதற்கு இலக்கணமே எழுதி வைத்திருக்கிறோம். அந்த உகரத்துக்கு வாய் எவ்வளவு சோம்பலாக இருக்கிறதோ அதே சோம்பலை ஆங்கிலத்தின் அழுத்தமில்லாத அசைகளுக்குக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, மூச்சுவிடும் இடம். வேகத்தைக் குறைக்காதீர்கள், நிறுத்தங்களைக் கூட்டுங்கள். சொல்லுக்குச் சொல் நிறுத்துவதில் பயனில்லை. பொருள் முடியும் இடத்தில், நான்கைந்து சொல்லுக்கு ஒருமுறை, சின்னதாக ஒரு வெட்டு.

அறிகுறி: முடியும் என்றீர்கள், முடியாது என்று எழுதிக்கொண்டார்கள், பதின்மூன்று என்றீர்கள், முப்பது வந்தது

முடியும் என்று சொல்லும்போது 'கேன்' என்ற சொல்லை அழுத்துவதால் வரும் வினை. இயல்பாக அது 'கன்' என்று மங்கி, அழுத்தம் அடுத்த வினைக்குப் போகும்: ஐ கன் 'டூ இட். முடியாது என்றால் அந்தச் சொல்லே அழுத்தம் பெறும்: ஐ 'கான்ட் 'டூ இட், அமெரிக்கர்கள் வாயில் 'கேன்ட். கடைசியில் வரும் ட் பல நேரம் காதில் விழவே விழாது, கேட்பவர் உயிரொலியையும் அழுத்தத்தையும் வைத்துத்தான் முடிவு செய்கிறார்.

எண்ணில், தனியாகச் சொன்னால் தர்'டீன், 'தர்ட்டி. பின்னால் இன்னொரு சொல் வந்தால் பதின்மூன்றின் அழுத்தமும் முன்னால் நகர்ந்துவிடும், அப்போது 'டீன்' என்ற நெடிலையும் கடைசி ன்-ஐயும் விடாமல் சொல்வதுதான் காப்பாற்றும். பணமோ தேதியோ என்றால் வம்பே வேண்டாம், ஒன் த்ரீ என்று இலக்கங்களையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

அறிகுறி: ஒவ்வொரு சொல்லும் புரிகிறது, சொல்ல வந்தது மட்டும் போய்ச் சேரவில்லை

தமிழில் ஒன்றை முன்னிறுத்த வேண்டும் என்றால் தான், ஏ, உம், ஆவது என்று ஒட்டுகள் கைவசம் இருக்கின்றன. சொல்லின் வரிசையையும் மாற்றிக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் வரிசையை அவ்வளவு லேசாக மாற்ற முடியாது, ஒட்டும் இல்லை. அந்த வேலை முழுவதையும் குரல் செய்கிறது. ஆகவே எதற்குத் 'தான்' போடுவோமோ அங்கே குரலின் மேடு வர வேண்டும்.

'ஐ சென்ட் ஹெர் த ஃபைல்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஐ-யை அழுத்தினால் நான்தான் அனுப்பினேன், வேறு யாரும் இல்லை. 'ஹெர்-ஐ அழுத்தினால் அவளுக்குத்தான். எதையும் தனியாக முன்னிறுத்தவில்லை என்றால் கடைசிப் பொருட்சொல், அதாவது 'ஃபைல். 'ஐ 'டிட் கால்' என்று நடுவில் அழுத்தினால், 'நான் கூப்பிட்டேனே!' என்று நாம் ஏகாரம் போட்டுச் சொல்வதேதான். 'ஷீ கேம் 'டூ' என்றால் 'அவளும் வந்தாள்'.

இதில் பொதுவாக நடக்கும் தப்பு, ஏற்கெனவே பேசிய சொல்லைத் திரும்ப அழுத்துவது. ஒருவர் கேட்கிறார்: 'டிட் யூ கால் த மேனேஜர்?' பதில்: 'ஐ 'ஈமெயில்ட் த மேனேஜர்.' மேனேஜர் பழைய செய்தி, அது தாழ்ந்த குரலில் தட்டையாக ஓடிவிட வேண்டும், ஈமெயில்தான் புதுசு. 'ஐ ஈமெயில்ட் த 'மேனேஜர்' என்று கடைசியில் அழுத்தினால், கேட்டவர் ஒரு கணம் தடுமாறுவார், மேனேஜர் இல்லாமல் வேறு யாரைப் பற்றியோ பேச்சு எழுந்தது போல இருக்கும். இலக்கணம் அப்பழுக்கில்லாமல் இருந்தும் பேச்சு 'எங்கேயோ இடிக்கிறது' என்று தோன்றும் பெரும்பாலான இடங்களில் காரணம் இதுதான். வாக்கியத்தின் கடைசியில் வரும் இன்று, நேற்று போன்ற காலச்சொற்களும் சாதாரணமாக அழுத்தம் வாங்காது: 'ஐ மெட் த டி'ரெக்டர் டுடே.'

சந்தேகம் வந்தால் அந்தப் பதிலை மனதுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'மேனேஜருக்கு ஈமெயில்தான் அனுப்பினேன்.' தான் எங்கே விழுந்ததோ, மேடு அங்கே.

கூட்டுச்சொல்லுக்கும் இதே கணக்கு. 'க்ரீன்ஹவுஸ் என்று முன்னால் அழுத்தினால் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடம். க்ரீன் 'ஹவுஸ் என்றால் பச்சை வண்ணம் அடித்த வீடு.

அறிகுறி: மரியாதையாகத்தான் கேட்டீர்கள், அதட்டியது போல எடுத்துக்கொண்டார்கள்

வார்த்தையில் 'ப்ளீஸ்' இருந்தது, 'குட் யூ' இருந்தது, ஆனால் குரல் ஒரே மட்டத்தில் போய்க் கடைசியில் பொத்தென்று விழுந்தது. அப்படி விழுந்தால் கேள்வி கட்டளையாகிவிடும். தமிழில் 'வருகிறீர்களா' என்பதில் அந்த ஆ இருக்கும்வரை குரல் எப்படிப் போனாலும் அது கேள்விதான். ஆங்கிலத்தில் 'யூ ஆர் லீவிங்' என்பது ↘ இறங்கினால் செய்தி, ↗ ஏறினால் கேள்வி.

ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்குக் கடைசியில் ↗ ஏற்றுங்கள். வாட், வேர், வென் என்று தொடங்கும் கேள்விக்கு ↘ இறக்குங்கள். கேள்வி என்றாலே ஏற்ற வேண்டும் என்று நினைத்து 'வேர் ஆர் யூ 'கோயிங் ↗' என்றால், 'என்ன சொன்னீர்கள், எங்கே?' என்று திரும்பக் கேட்பது போல ஆகலாம். ஸாரி என்ற ஒரே சொல் ↘ என்றால் மன்னிப்பு, ↗ என்றால் 'சரியாகக் கேட்கவில்லை'. வாக்கியத்தின் வாலாக வரும் 'இஸின்ட் இட்' ↘ என்றால் ஆமோதிக்கச் சொல்கிறீர்கள், ↗ என்றால் உண்மையிலேயே தெரியாமல் கேட்கிறீர்கள்.

கொஞ்சம் நுணுக்கமானது இறங்கி ஏறுவது. 'இட்ஸ் 'நைஸ் ↘↗' என்று யாராவது சொன்னால் பாராட்டு என்று மகிழ்ந்துவிடாதீர்கள். 'நல்லாத்தான் இருக்கு...' என்று நாம் இழுப்போமே, அது. பின்னால் ஓர் 'ஆனால்' வரப்போகிறது. இதைப் பேச வராவிட்டாலும் கேட்கவாவது பழகிக்கொள்ள வேண்டும், வேலை இடத்தில் மறுப்புகள் பாதி இந்த வடிவில்தான் வரும்.

குரலின் மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் நடுவில் தூரம் குறைவாக இருந்தால் இவை எதுவும் எடுபடாது. வழக்கமாகத் தொடங்கும் உயரத்தைவிடக் கொஞ்சம் மேலே தொடங்குங்கள், இறங்குவதற்கு இடம் கிடைக்கும். உங்கள் காதுக்கு நாடகம் போலத் தோன்றும். பதிவில் கேட்டால் சாதாரணமாகத்தான் இருக்கும்.

அறிகுறி: முடிப்பதற்குள் குறுக்கே பேசுகிறார்கள், அல்லது முடித்த பிறகும் காத்திருக்கிறார்கள்

முழுமையாக ↘ இறங்கினால் முடிந்தது, ஏறினாலோ நடுவில் நின்றாலோ இன்னும் இருக்கிறது என்று காது எடுத்துக்கொள்கிறது. பட்டியல் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் ↗, கடைசிக்கு மட்டும் ↘. போன் எண்ணையும் மூன்று நான்கு இலக்கமாகப் பிரித்து அப்படியே. ஒவ்வொரு தொகுதிக்கும் இறக்கிவிட்டால் எதிராளி முதல் தொகுதியிலேயே 'ஓகே' என்று சொல்லிவிடுவார். வாக்கியக் கடைசியில் மூச்சுத் தீர்ந்து குரல் அமுங்கும் பழக்கம் இருந்தால் அதைத் தனியாகக் கவனியுங்கள். முக்கியமான சொல் பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

அறிகுறி: தனியாகப் பயிற்சி செய்தால் வருகிறது, ஆள் முன்னால் போனால் போய்விடுகிறது

பயிற்சிக்கு எடுத்த வாக்கியங்கள் உங்களுடையவை இல்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். பாடப்புத்தக வாக்கியத்தை நூறு தடவை சொல்லி என்ன பயன், அதை நீங்கள் யாரிடமும் சொல்லப் போவதில்லை. உங்கள் வேலையில் தினமும் வரும் பத்துப் பதினைந்து சொற்களையும், அடிக்கடி சொல்லும் ஏழெட்டு வாக்கியங்களையும் எழுதி, அகராதி பார்த்து அழுத்தக் குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சொற்களை எடுத்துவிட்டு, வாயை மூடி, ராகம் மட்டும் முனகுங்கள். ம்-ம்-'ம்ம்-ம். முனகல் ஒரே மட்டத்தில் வந்தால் பேச்சும் அப்படித்தான் வரும். முனகலில் மேடு பள்ளம் வந்த பிறகு சொற்களைத் திரும்பப் போடுங்கள். நீள வாக்கியம் என்றால் கடைசியில் இருந்து தொடங்கிப் பின்னோக்கிக் கட்டுங்கள்: முதலில் கடைசிச் சொல், அப்புறம் கடைசி மூன்று, அப்புறம் முழுதும். இப்படிச் செய்தால் வாக்கிய முடிவில் குரல் தடுமாறாது.

காதை நம்ப முடியவில்லை என்றால் ப்ராட் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பவுல் புர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் உருவாக்கியது. உங்கள் பதிவைப் போட்டால் குரலின் உயரத்தைக் கோடாக வரைந்து காட்டும், அசை எவ்வளவு நேரம் நீண்டது என்றும் அளக்கலாம். தோற்றம் பழைய காலத்து மென்பொருள் மாதிரிதான் இருக்கும், பயந்துவிட வேண்டாம். பிட்ச் கோடு ஒன்றை மட்டும் பார்க்கத் தெரிந்தால் போதும்.

அறிகுறி: சிலருக்கு நன்றாகப் புரிகிறது, சிலருக்குப் புரியவில்லை

கேட்பவர் யார் என்று பாருங்கள். அவரும் ஆங்கிலத்தைக் கற்றுக்கொண்டவர்தான், தாய்மொழி வேறு என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். மொழியியலாளர் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000-ல் முன்வைத்த கருத்து இதைப் பற்றியது: அப்படிப்பட்ட இருவர் பேசிக்கொள்ளும்போது புரிதலைக் காப்பது வாக்கியத்தின் முக்கிய அழுத்தம், சொற்களைத் தொகுதியாகப் பிரிப்பது, உயிரொலியின் குறில் நெடில், மெய்யொலிகளின் தெளிவு. சின்னச் சொற்களைச் சுருக்குவது அங்கே உதவுவதில்லை, சில சமயம் இடைஞ்சல் கூட. சொல்லழுத்தத்தையும் அவர் கட்டாயப் பட்டியலில் சேர்க்கவில்லை. அதில் எல்லோரும் அவரோடு உடன்படவில்லை, எனக்கும் அதை முழுதாக விட்டுவிட மனம் வரவில்லை.

நடைமுறையில் இதைப் பிரித்துக்கொள்வது சுலபம். பல நாட்டுக்காரர்கள் கலந்த கூட்டம் என்றால் டு, ஃபார், அண்ட் எல்லாவற்றையும் கொஞ்சம் தெளிவாகவே சொல்லுங்கள், ஆனால் 'தான்' விழும் சொல்லை மட்டும் எப்போதும் போலத் தூக்குங்கள். ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்கள் மட்டும் இருந்தால் தளர்த்துங்கள். எதிரில் யார் என்று தெரியாத போன் அழைப்பில் முதல் வழியிலேயே தொடங்குங்கள், அவர் பேசுவதைக் கேட்ட பிறகு மாற்றிக்கொள்ளலாம்.